தெரியுதா என்று கேட்டால்

1

“தெரியுதுங்களா?” என்று கேட்டார் அந்த இளைஞர்.

“தெரியுதுங்க சாமி” என்றாள் அம்மா.

கோவையில் ஓர் இலவசச் சர்க்கரைநோய் முகாம். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் கண்களை மூடி உட்கார்ந்திருந்தாள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஒரு விரற்கடைகூடத் தூக்கவில்லை. எதிரே குந்தியிருந்த இளைஞர் பேனா போன்ற ஒரு பிடியின் நுனியில் நீட்டிக்கொண்டிருந்த நைலான் இழையால் அவள் பாதத்தை அங்கங்கே தொட்டார். தொடும்போதெல்லாம் கேட்டார். அம்மா ஒவ்வொரு முறையும் தெரியுதுங்க என்றாள். ஒருமுறை அவர் இழையைக் காற்றிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். அதற்கும் தெரியுதுங்க என்றாள்.

“பாட்டி, நான் இன்னும் வெக்கவே இல்லையே” என்று அவர் சிரித்தார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். வரிசை நீளமாக இருந்தது. அட்டையில் ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

ஐந்து வாரம் கழித்து, ஈரோட்டுக்கும் பெருந்துறைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில், பங்குனி வெயிலில் சிமெண்டுக் களத்தில் காய்ந்துகொண்டிருந்த மஞ்சளைக் கிளறிவிட்டுவிட்டு அம்மா வீட்டுக்குள் வந்தாள். திண்ணையில் ஈரக்கறை இருப்பதை என் தம்பி மனைவிதான் பார்த்தாள். அம்மாவின் வலது உள்ளங்காலில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் எழுந்து உடைந்திருந்தது. “எப்பச் சுட்டுச்சுன்னே தெரியலீங் அம்மிணி” என்றாள் அம்மா. ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவள் போலச் சொன்னாள்.

புண் ஆற இரண்டரை மாதம் ஆனது. அந்த நாட்களில்தான் ‘நார்மல்’ என்ற சொல்லைப் பற்றி நான் படிக்கத் தொடங்கினேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. தமிழ் படித்தவள், தமிழ் கற்பிப்பவள். ஒரு சொல் எங்கிருந்து வந்தது, யார் வாயில் என்ன பொருள் தருகிறது என்று பார்ப்பதுதான் என் தொழில். அந்தத் தொழிலின் கருவிகளோடுதான் இந்தச் சொல்லையும் பார்க்கிறேன்.

2

தொடுதல், அதிர்வு, சூடு-குளிர் ஆகிய மூன்றையும் அளக்கும் முறைகள் பார்க்க எளிமையானவை.

நைலான் இழையின் நுட்பம் அது வளைவதில் இருக்கிறது. 10 கிராம் இழை என்றால், எவ்வளவு பலமாக அழுத்தினாலும் 10 கிராம் விசையில் அது வளைந்துவிடும். அழுத்துபவரின் கைப்பலம் அளவைக் கெடுக்காது. பாதத்தில் அந்த 10 கிராம் தெரியவில்லை என்றால், காலைக் காத்துக்கொள்ளும் உணர்வு போய்விட்டது என்று பொருள். அதிர்வுக்கு, நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பின் மேல் வைப்பார்கள். பயோதீசியோமீட்டர் என்ற கருவியும் உண்டு. அதன் அதிர்வை மெல்லக் கூட்டிக்கொண்டே போய், எத்தனை வோல்ட்டில் தெரிகிறது என்று குறிப்பார்கள். பாதத்தில் 25 வோல்ட்டைத் தாண்டியும் தெரியவில்லை என்றால் புண் வரும் அபாயம் அதிகம். வெப்பத்துக்கு ஓர் உலோகத் தகட்டைத் தோலில் ஒட்டவைத்து, 32 டிகிரியில் தொடங்கி ஏற்றுவார்கள், இறக்குவார்கள். சூடு தெரிந்ததும், குளிர் தெரிந்ததும், வலி தொடங்கியதும் பொத்தானை அழுத்த வேண்டும். ஆரோக்கியமான கை ஓரிரு டிகிரி மாற்றத்தையே கண்டுகொள்ளும்.

உணர்வு எந்த அளவில் தொடங்குகிறதோ அதை உணர்வெல்லை என்று சொல்லிக்கொள்வோம். உங்கள் உணர்வெல்லை சரியா தவறா என்று தனியாக நின்று யாராலும் சொல்ல முடியாது. வேறு மனிதர்களோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அதனால்தான் ஆய்வாளர்கள் ‘ஆரோக்கியமான பெரியவர்கள்’ சிலரை அழைத்து, அவர்களை அளந்து, அட்டவணை போடுகிறார்கள். அந்த அட்டவணைக்குள் விழுகிறவர் நார்மல். ஆகவே நார்மல் என்பது ஓர் எண்ணாகத் தெரிந்தாலும் அதற்குள் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்பதுதான் விமர்சனத்தின் வேலை.

3

தொடு உணர்வை முறையாக அளந்த முதல் நூல்களில் ஒன்றை எர்ன்ஸ்ட் ஹைன்ரிஹ் வேபர் 1834இல் லத்தீனில் எழுதினார். கவராயத்தின் இரு முனைகளைத் தோலில் வைத்து, எவ்வளவு நெருக்கத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன என்று பார்த்தார். விரல் நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி போதும். முதுகில் நான்கு சென்டிமீட்டர் போல வேண்டும். 1890களில் மாக்ஸ் ஃபான் ஃப்ரே குச்சி நுனியில் முடிகளை ஒட்டி, மெல்லிய முடி, தடித்த முடி என்று விசையை வகைப்படுத்தினார். நைலான் வந்த பிறகு முடியின் இடத்தை அது பிடித்தது. இன்றும் அந்த இழைகளுக்குச் செம்ஸ்-வைன்ஸ்டைன் என்றுதான் பெயர். முதல் பெயருக்கு உரியவர் ஜோசபின் செம்ஸ் என்ற பெண். அவரும் சிட்னி வைன்ஸ்டைனும் வேறு இருவரும் சேர்ந்து எழுதிய நூல் 1960இல் வந்தது. அவர்கள் ஆராய்ந்தது போரில் தலையில் காயம்பட்ட ஆண்களை. அந்த நூலின் ஆங்கிலத் தலைப்பில் மனிதர் என்பதற்கு ஆண் என்று பொருள்படும் சொல்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு பெண்களும் அளக்கப்பட்டார்கள். 2006இல் ஜெர்மானிய ஆய்வுக் குழு ஒன்று ஆரோக்கியமான 180 பேரின் முகம், கை, பாதம் மூன்றையும் 13 வகையாக அளந்து, வயதுவாரியாக, பால்வாரியாக அட்டவணை தந்தது. அதில் ஒரு முடிவு நமக்கு முக்கியம். தொடுதலையோ சூட்டையோ முதலில் உணரும் எல்லையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரும்பாலும் வேறுபாடு இல்லை. வலி தொடங்கும் எல்லையில்தான் வேறுபாடு. பெண்களுக்கு அது சீக்கிரம் தொடங்குகிறது. பெண் வலியைத் தாங்குவதற்கென்றே படைக்கப்பட்டவள் என்று பிரசவ வார்டிலிருந்து பட்டிமன்ற மேடைவரை சொல்லப்படும் வசனத்துக்கு இந்த அட்டவணை துணை நிற்கவில்லை.

பெண் விரல் மென்மையானது, அதனால் நுண்மையாக உணரும் என்ற புகழ்ச்சிக்கும் இதே கதிதான். 2009இல் கனடாவில் நூறு கல்லூரி மாணவர்களை அளந்தபோது, பெண்களின் விரல் நுனி கூடுதல் நுண்மையோடு உணர்ந்தது உண்மை. விரலின் அளவைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. சின்ன விரல் யாருக்கு இருந்தாலும், ஆணோ பெண்ணோ, நுண்மையாகத் தெரியும். கவிதைகளில் நாம் ‘பெண்மை’ என்று எழுதியது விரலின் பரப்பளவாக இருந்திருக்கிறது.

பாத அதிர்வில் வயதைப் போலவே உயரத்துக்கும் பங்குண்டு. உயரமானவர்களுக்கு நரம்பு நீளம், அதனால் உணர்வெல்லை சற்று உயர்ந்தே இருக்கும். ஆணும் பெண்ணும் நெட்டையும் குட்டையும் கலந்த ஒரே அட்டவணையில் என் அம்மாவைப் போன்ற ஐந்தடிப் பெண்ணை வைத்தால் என்ன ஆகும்? அவளுக்கு உணர்வு குறையத் தொடங்கிய பிறகும் கொஞ்ச காலம் அட்டவணை அவளை நார்மல் என்றே காட்டிக்கொண்டிருக்கலாம்.

4

இனி இந்தியாவுக்கு வருவோம். மேலை நாட்டுக் கைமருத்துவத்தில் உள்ளங்கைக்கு நார்மல் என்று வைத்திருக்கும் இழை 70 மில்லிகிராம். இந்தியாவிலும் நேபாளத்திலும் தொழுநோய்ப் பணியில் இருப்பவர்கள் கைக்கு 200 மில்லிகிராம், காலுக்கு 2 கிராம் என்ற எல்லையைப் பயன்படுத்துகிறார்கள். இங்கே நோயில்லாதவர்களிலும் பலருக்கு மெல்லிய இழை தெரிவதில்லை. 2008இல் இந்திரா நாத் உள்ளிட்ட ஹைதராபாத் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, ஆரோக்கியமான இந்தியர்களின் கை கால்களில் தொடு உணர்வு குறைவாக இருப்பதையும் வயதோடு அது மேலும் குறைவதையும் சொல்கிறது.

இந்த இடத்தில் நான் நீண்ட நேரம் நின்றேன். இதை இரண்டு விதமாக வாசிக்கலாம்.

முதல் வாசிப்பு: மேற்கின் அளவுகோல் நமக்குப் பொருந்தாது, நம் தோலுக்கு நம் அட்டவணை வேண்டும். நியாயமான கோரிக்கை. வெறுங்காலோடு நடந்து தடித்த பாதத்தை, வாழ்நாள் முழுக்கச் செருப்பும் காலுறையும் போட்ட பாதத்தோடு ஒப்பிட்டு நோயாளி என்று முத்திரை குத்துவது அநியாயம்தான்.

இரண்டாவது வாசிப்பைச் சொல்ல எங்கள் பகுதியின் கைகளைக் காட்ட வேண்டும். மஞ்சளை வேகவைத்துக் களத்தில் கொட்டும்போது ஆவி அடங்குமுன் பரப்பிவிடுகிற கைகள். உடுமலைப் பக்கம் பட்டுக்கூட்டைச் சுடுநீரில் போட்டு இழையின் நுனியைத் தேடுகிற விரல்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினின் அதிர்வை ஒரு ஷிப்டு முழுக்க மணிக்கட்டில் வாங்குகிற கைகள். மிளகாய்க் காம்பு கிள்ளி இரவு முழுக்கக் காந்துகிற கைகள். இந்தக் கடைசி எரிச்சல் வெறும் பேச்சுவழக்கு அல்ல. மிளகாயின் காரத்தையும் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டையும் உடம்பு ஒரே வாயிலில்தான் வாங்குகிறது. அந்த வாயிலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், தொடு உணர்வின் வாயிலைக் கண்ட ஆர்டெம் படபூட்டியனோடு 2021இன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கை காந்துது, நாக்குச் சுடுது என்று நம் பெண்கள் ஒரே குடும்பச் சொற்களால் சொல்லிவந்தது உடற்கூற்றின்படியும் சரி. அந்தக் காரத்தைத் திரும்பத் திரும்பப் பூசினால் நரம்பு முனைகள் ஓய்ந்து உணர்வு குறையும். வலி மருந்தாக அந்தக் களிம்பு விற்கப்படுவதும் இதனால்தான்.

இந்தக் கைகளுக்குச் சொந்தக்காரப் பெண்கள் ஆஸ்பத்திரிக் கணக்கில் ஆரோக்கியமானவர்கள். சர்க்கரை இல்லை, தொழுநோய் இல்லை, குடிப்பழக்கம் இல்லை. அவர்களைச் சேர்த்து அட்டவணை போட்டால் நார்மலின் எல்லை உயரும். உயர்ந்த எல்லைக்குள் அவர்கள் எல்லோரும் நார்மல் ஆகிவிடுவார்கள். வேலை அவர்களின் உணர்வைத் தின்றிருந்தால், அந்த இழப்புக்கு ‘இந்தியத் தோல்’ என்று பெயர் வைத்து மூடிவிடவும் அந்த அட்டவணை பயன்படும். அவர்களைச் சேர்க்காவிட்டாலோ, அவர்கள் யாருமே இல்லாத அட்டவணையால் அவர்கள் அளக்கப்படுவார்கள்.

அட்டவணை ஒன்று போதாது என்பதே நான் வந்தடைந்த முடிவு. அந்தப் பெண் என்ன வேலை செய்கிறாள், எத்தனை ஆண்டாக, எந்தக் கையால் என்று எழுதிக்கொள்ளாமல் எடுக்கப்படும் நார்மல் அரைகுறையானது. இதற்கு முன்மாதிரி உண்டு. 1918இல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் காற்றுச் சுத்தியல் பிடித்துச் சுண்ணாம்புக்கல் செதுக்குகிற தொழிலாளர்களின் விரல்கள் ஏன் வெளுத்து மரத்துப்போகின்றன என்று ஆராய்ந்தார். அந்த விரல்களை அப்படியொரு வகை விரல்கள் என்று எழுதிவிட்டு அவர் போகவில்லை. சுத்தியலின் அதிர்வோடும் குளிரோடும் அவற்றைச் சேர்த்து வாசித்தார். தையல் மிஷினின் அதிர்வுக்கும் அப்படி ஒரு வாசிப்பு எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வேண்டும்.

5

அட்டவணையைத் தாண்டி இன்னொரு சிக்கல் இருக்கிறது. அது என் அம்மாவின் வாயில் இருந்தது.

இந்தப் பரிசோதனைகள் எல்லாம் நரம்பை அளப்பதாகச் சொல்கின்றன. உண்மையில் அவை அளப்பது ஒரு பதிலை. தெரியுது, தெரியலை என்று ஒருவர் சொல்வதைத்தான் எழுதிக்கொள்கிறார்கள். இது உளவியலாளர்களுக்கு நன்றாகத் தெரியும். உணரும் திறன் வேறு, உணர்ந்தேன் என்று சொல்ல ஒருவர் தனக்குள் வைத்திருக்கும் அளவு வேறு என்று பிரித்துக் கணக்கிடும் முறை 1960களிலேயே வந்துவிட்டது. நடுவில் தொடாமலே கேட்டுப் பார்ப்பது அதற்காகத்தான். முகாமில் அந்த இளைஞர் அதைச் சரியாகவே செய்தார். கிடைத்த தகவலைத்தான் அவர் பயன்படுத்தவில்லை. தொடாதபோதும் தெரியுது என்று ஒரு பெண் சொன்னால், அவளுடைய மற்றத் தெரியுதுகளையும் நம்ப முடியாது என்று பொருள். அதை ஒரு கிழவியின் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்.

அம்மா ஏன் அப்படிச் சொன்னாள்? பிறகு கேட்டேன். “அந்தத் தம்பி அத்தன தடவ கேக்குது. இல்லன்னு சொன்னா அதுக்குச் சங்கடமா இருக்காதா கண்ணு?” என்றாள்.

இந்தப் பதிலைப் பல நாள் மனசில் வைத்திருந்தேன். அறுபத்தெட்டு வயது வரை அவளிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் எதிரில் இருப்பவர் என்ன பதிலை விரும்புகிறாரோ அதைச் சொல்லியே அவள் பழகியிருக்கிறாள். சோறு போதுமா என்றால் போதும். உடம்புக்குப் பரவாயில்லையா என்றால் பரவாயில்லை. வலிக்குதா என்றால் வலிக்கலை. அவளுடைய உடம்பின் உள்தகவல் அவளுடைய வாய்வழியாக வெளியே வந்ததே கிடையாது. அந்த வாயிடம் திடீரென்று கண்ணை மூடச் சொல்லி உண்மையைக் கேட்கிறோம்.

இதன் மறுபுறமும் உண்டு. பொத்தான் பரிசோதனையில் சிலர் முழு நிச்சயம் வரும்வரை அழுத்த மாட்டார்கள். “கொஞ்சத்துக்கெல்லாம் கத்தாதே” என்று வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு எந்த டிகிரியில் வலி ‘தொடங்குகிறது’? வலியைச் சொல்ல அனுமதிக்கப்பட்ட டிகிரியும் அவள் நரம்பு வலியைச் சொன்ன டிகிரியும் ஒன்றாக இருக்குமா? பெண்களுக்கு வலி சீக்கிரம் தொடங்குகிறது என்ற அட்டவணையை அவளுக்கு நேராக வைத்தால், அவள் நரம்பு வலியைச் சொன்ன இடத்துக்கும் அவள் வாய் திறந்த இடத்துக்கும் நடுவே எத்தனை டிகிரி இருந்திருக்கும்?

6

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவால் அடுக்குகிறது. புல்லும் மரமும் ஓரறிவு உயிர்கள். அந்த ஓரறிவு தொடு உணர்வு. நாக்கும் மூக்கும் கண்ணும் காதும் மனமும் ஒவ்வொன்றாக அதன்மேல் வந்து சேர்கின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது தொடுதல். வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் கடைநிலை அறிவு என்ற தொனியில்தான் நடத்தியிருக்கிறேன். அடித்தளம் என்று ஒருநாளும் நடத்தியதில்லை.

உணர்வு போவதை நாம் மரத்துப்போதல் என்கிறோம். மரத்துக்கு இலக்கணம் கொடுத்த ஒரே அறிவு தொடுதல்தான். அதை இழப்பதற்கு நம் பேச்சு மரத்தையே நினைவூட்டும் சொல்லை வைத்திருக்கிறது. பழந்தமிழில் ஊறு என்றால் தொடு உணர்வு, இன்றைய தமிழில் ஊறு என்றால் தீங்கு. தீண்டலிலிருந்து தீண்டாமை என்ற சொல்லை ஆக்கி அதை நடைமுறையாகவும் வைத்திருக்கும் சமூகம் நம்முடையது. மாதத்தில் மூன்று நாள் வீட்டுப் பெண்ணையே தொடக்கூடாதவளாக்குகிற வீடுகள் எங்கள் பகுதியில் இன்றும் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் தொடு உணர்வுப் பரிசோதனை என்பது நரம்பு சம்பந்தப்பட்டது மட்டும் அல்ல. யார் யாருடைய காலைத் தொடுகிறார்கள் என்பதும் அதில் இருக்கிறது. அம்மாவின் பாதத்தை வேற்று மனிதர் ஒருவர் கையில் எடுத்தது அந்த முகாமில்தான் முதல்முறை. “காலைத் தொடாதீங்க சாமி” என்று முதலில் இழுத்துக்கொண்டாள். அந்தக் கூச்சம் அடங்குவதற்குள் பரிசோதனை முடிந்துவிட்டது.

தொடப்படாதவர்களிடமிருந்துதான் இந்த அறிவே நமக்கு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளின் கைகளைப் பார்க்கத் தொடங்கினார். அவருடைய தாய் ஈவ்லின் பிராண்ட் தொண்ணூறு வயது தாண்டியும் அந்த மலைக்கிராமங்களில் சுற்றி வைத்தியம் பார்த்தவர். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று அப்போது நம்பினார்கள். பிராண்டும் அவர் கூட இருந்தவர்களும் கவனித்தது வேறு. உணர்வு போன கை சூட்டை அறியாது, ஆணியை அறியாது, இரவில் எலி கடிப்பதை அறியாது. விரல்கள் போனது அந்த அறியாமையால். 1955இல் தொடங்கிய கரிகிரி மையத்தில் இந்தப் புரிதல் அன்றாட மருத்துவமாக வளர்ந்தது. பிறகு அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் பிராண்ட் போனார். சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கு இன்று உலகெங்கும் பயன்படும் 10 கிராம் எல்லை அந்த மருத்துவமனை ஆய்விலிருந்து 1986இல் வந்ததுதான். வலி ஒரு கொடை என்று பிராண்ட் கடைசிவரை சொன்னார், எழுதினார்.

இதைப் படித்த நாளில் என் முதல் தொகுப்பை எடுத்துப் பார்த்தேன். அதில் அம்மாவின் கைகளைப் பற்றி ஒரு கவிதை இருக்கிறது. கரித்துணி இல்லாமல் கொதிக்கிற போசியை அடுப்பிலிருந்து இறக்குகிற கைகள் அவை. தீயே அவளுக்குப் பணிகிறது என்பதுபோல எழுதியிருந்தேன். பல மேடைகளில் வாசித்தேன். ஒவ்வொரு முறையும் கைதட்டல் வந்தது. பெண்கள் கண் கலங்கினார்கள். ஒரு பாடத்தொகுப்புக்கும் அதைக் கேட்டு வாங்கினார்கள்.

அந்தக் கவிதையில் ஓர் அறிகுறி பதிவாகியிருக்கிறது. நான் அதைப் பெருமையாக வாசித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் கை சூட்டை வென்றதாக எழுதிய காலத்தில் அந்தக் கை சூட்டை அறியாமல் போய்க்கொண்டிருந்திருக்கலாம். அம்மா கைகளைப் போற்றும் கவிதைகள் நம்மிடம் நிறைய உண்டு, ஆண்கள் எழுதியவையும் நாம் எழுதியவையும். காய்ப்பு, வெடிப்பு, சூட்டுத் தழும்பு எல்லாம் அவற்றில் ஆபரணங்கள். அவற்றில் எதிலாவது அம்மா “சுடுது” என்று சொல்கிறாளா என்று இப்போது தேடிப் பார்க்கிறேன். என்னுடையதில் சொல்லவில்லை.

7

பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முறையாகச் செய்தால் அது காலைக் காப்பாற்றும். கொப்புளம் ஆறிய பிறகு வேறோர் இடத்துக்கு அம்மாவை அழைத்துப் போனேன். அங்கே ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட் இருந்தார். முதலில் இழையை அம்மாவின் முழங்கையில் வைத்து, “இப்படித்தான் இருக்கும்மா, பயப்படாதீங்க” என்று காட்டினார். பிறகு கேள்வியை மாற்றினார். தெரியுதா என்று கேட்கவில்லை. “முதல் தடவை தொட்டேனா, ரெண்டாவது தடவை தொட்டேனா?” என்று கேட்டார். அதற்கு ஆமாம் போட முடியாது. யோசிக்க வேண்டும். தெரியலை என்றால் தெரியலை என்றே சொல்லலாம், அது தப்பில்லை என்று மூன்று முறை சொன்னார். காய்ப்பு உள்ள இடத்தைத் தவிர்த்தார். வயது, உயரம், என்ன வேலை என்று எழுதிக்கொண்டார். முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு பாதங்களிலும் 10 கிராம் பல இடங்களில் தெரியவில்லை.

அங்கே இன்னொன்றும் நடந்தது. கையைப் பரிசோதித்தபோது விரல் நுனியிலும் மெல்லிய இழைகள் தெரியவில்லை. அம்மா சற்று வருத்தத்தோடு, “ஆனா மஞ்சளத் தொட்டாக் காஞ்சதா காயலையான்னு சொல்லிருவனுங்க” என்றாள். உண்மைதான். என் பெரியம்மா பஞ்சாலையில் இருபது வருடம் ரிங் பிரேமில் அறுந்த இழையைப் பிணைத்தவள். நாற்பதாம் நம்பர் நூலையும் அறுபதாம் நம்பர் நூலையும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் உருட்டியே பிரித்துச் சொல்வாள். தொடப்படுவது வேறு, தொட்டுத் தேடுவது வேறு என்று ஜே. ஜே. கிப்சன் 1962இல் எழுதினார். அசையாத கையில் வந்து படும் அழுத்தத்தைவிட, தானே நகர்ந்து தேடுகிற கை பொருளை மிக நன்றாக அறிகிறது. நம் பரிசோதனைகள் பெரும்பாலும் முதல் வகையை மட்டும் அளக்கின்றன. கண்ணை மூடி, அசையாமல், பிறர் தொடுவதற்காகக் காத்திருக்க வேண்டும். பெண் உடம்புக்கு இந்த நிலை புதிதல்ல. அம்மாவின் விரல் தேடும்போது அறிந்ததை அந்த அட்டையில் எழுத இடமில்லை. அதற்காக அட்டை பொய் என்றும் ஆகாது. தேடத் தெரிந்த கையும் அடுப்பில் வெந்துபோகும்.

மாணவிகளுக்காகச் சில காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் சர்க்கரை இருப்பவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது பாத உணர்வைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கூடப் போங்கள். அட்டையில் நார்மல் என்று வந்தால், எதை வைத்துப் பார்த்தீர்கள், எத்தனை இடத்தில், நடுவில் தொடாமல் கேட்டீர்களா என்று கேளுங்கள். உங்கள் அம்மா எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்கிறவள் என்றால் அதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இரவில் அவள் உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். வெந்நீரின் சூட்டை நீங்கள் பார்த்துக் கொடுங்கள். அவள் வெறும் கையால் போசியை இறக்கினால் கரித்துணியை எடுத்துக் கொடுங்கள், பாராட்டாதீர்கள்.

என் கவிதையை இனி மேடையில் வாசிப்பதில்லை. தொகுப்பின் மறுபதிப்பு வந்தால் அதை நீக்கமாட்டேன், அடியில் ஒரு குறிப்பு சேர்ப்பேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு தென்னை ஈர்க்குச்சியைச் சீவி, மெல்லியதாக வளைகிற நுனியோடு அம்மாவின் காலடியில் உட்கார்ந்தேன். அது பரிசோதனை இல்லை, பழக்கம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மெட்டிக்குக் கீழே, குதிகாலில், பெருவிரல் அடியில் என்று ஒவ்வோர் இடமாக வைத்துக்கொண்டே வந்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. புண் ஆறிய இடத்துக்கு வந்ததும் அவளாகவே சொன்னாள்.

“இங்க தெரியல கண்ணு. இன்னொருக்கா வெய்யி, பாக்கலாம்.”